அம்மம்மாவை விட்டிட்டு எப்படி வெளியேறுவது?

(டிசம்பர் 2025 வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேசினபடியே போடச் சொல்லிக் கேட்டதால் பேச்சு நடையை முழுக்கத் திருத்தவில்லை.)

 

தொடங்க முதல் ஒரு கேள்வி. வட்ஸ்அப்பை விட்டிட்டு வேற செயலிக்குப் போகவேணும் எண்டு ஒருக்காலாவது நினைச்ச ஆக்கள் கையை உயர்த்துங்கோ. சரி, கிட்டத்தட்ட எல்லாரும். இப்ப, உண்மையிலே போன ஆக்கள்? ஒரு கை. நீங்களும் திரும்பி வந்திட்டீங்களோ? அதுதானே பாத்தன்.

ஏன் போகேல்லை? எங்கட கொள்கைப்பிடிப்பு காணாது எண்டு சொல்லி எங்களையே நாங்கள் திட்டிக்கொள்ளுறது எனக்குப் பிடிக்காது. காரணம் எல்லாருக்கும் தெரியும். அம்மம்மா அங்கதான் இருக்கிறா. ரொறன்ரோவில இருக்கிற சித்தி அங்கதான். ஊர்ச் சங்கம், கோயில் திருவிழா, ஆர் செத்தது, எப்ப கிரியை, எல்லாம் அதுக்குள்ளதான். அந்தப் பச்சைப் படத்தை அமத்தினால் பேரப்பிள்ளையின்ட முகம் வரும் எண்டு அம்மம்மாவுக்குப் பழக்கிறதுக்கே எத்தனை மாதம் எடுத்தது? இனி நீலப் படத்துக்கு மாறச் சொல்லி ஆர் போய்ச் சொல்லுறது? அப்படியே அவ மாறினாலும் அவவின்ட தங்கச்சி மாறோணும், தங்கச்சியின்ட மருமகள் மாறோணும்.

இண்டைக்கு நான் கதைக்கப்போறது போட்டிச் சட்டம். கேட்கவே கொட்டாவி வரும், தெரியும். ஆனால் அந்தச் சட்டம் அம்மம்மாவை எப்படிப் பார்க்குது எண்டதுதான் என்ர விசயம். சுருக்கமாச் சொன்னால், அது அவவைப் பார்க்கவே இல்லை.

கடந்த மாதம் 18ஆம் திகதி வாஷிங்டனில் ஒரு தீர்ப்பு வந்தது. மெட்டாவுக்கு எதிராக அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் 2020 டிசம்பரில் போட்ட வழக்கு. பேஸ்புக் 2012இல் ஒரு பில்லியன் டொலருக்கு இன்ஸ்டகிராமையும், 2014இல் 19 பில்லியன் டொலருக்கு வட்ஸ்அப்பையும் வாங்கியது, வளரக்கூடிய போட்டியை முளையிலேயே கிள்ளுவதற்காகத்தான். ஆகவே இரண்டையும் பிரித்துவிட வேண்டும் என்பது ஆணையத்தின் வாதம். நீதிபதி ஜேம்ஸ் போஸ்பெர்க் மெட்டாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். ஒரு காலத்தில் ஏகபோகம் இருந்ததா என்பது கேள்வியில்லை, இன்றைக்கு இருக்கிறதா என்பதே கேள்வி. டிக்டொக்கும் யூடியூப்பும் இவ்வளவு பெரிதாக நிற்கும்போது ஆணையம் அதை நிரூபிக்கவில்லை என்றார். வழக்குப் போட்டு ஐந்து வருடம். அந்த ஐந்து வருடத்தில் உலகம் மாறிவிட்டது, ஆகவே வழக்கும் போய்விட்டது. நீதி தாமதிக்கலாம், சந்தை தாமதிக்காது போல.

செய்தியில் இவ்வளவும்தான் வந்தது. நான் வழக்கை வாசிக்கேக்க என்னை நிப்பாட்டினது வேற இடம். ஏகபோகம் என்றால் எந்தச் சந்தையில் என்று முதலில் காட்டவேண்டும். ஆணையம் காட்டிய சந்தை, நண்பர்களோடும் குடும்பத்தோடும் பகிர்ந்துகொள்ளும் சமூக வலைத்தளங்கள். அதில் அவர்கள் சேர்த்தவை பேஸ்புக், இன்ஸ்டகிராம், ஸ்னப்சட், பிறகு மீவீ என்றொரு தளம். (இங்க ஆருக்காவது மீவீ தெரியுமோ? எனக்கும் தெரியாது.) வட்ஸ்அப் அந்தப் பட்டியலில் இல்லை. தகவல் அனுப்பும் செயலிகளை ஆணையமே சந்தைக்கு வெளியே வைத்தது. வட்ஸ்அப் ஒரு நாள் பேஸ்புக் மாதிரி ஒன்றாக மாறியிருக்கக்கூடும், அந்த வாய்ப்பைக் கொன்றார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. அம்மம்மா மாட்டுப்பட்டு நிற்கிற இடம், அதாவது தகவல் அனுப்புகிற இடம், இவ்வளவு பெரிய வழக்கில் விசாரணைக்கே வரவில்லை. அது எதுவாக மாறியிருக்கும் என்று பற்றி ஐந்து வருடம் வாதாடினார்கள். அது இப்ப என்னவாக இருக்குது எண்டு ஆரும் கேக்கேல்லை.

கொஞ்சம் பின்னுக்குப் போவம்.

வட்ஸ்அப்பைத் தொடங்கியவர்கள் இரண்டு பேர், 2009இல். ஒருவர் ஜான் கூம். உக்ரேனில் பிறந்து, 16 வயதில் தாயோடு கலிபோர்னியாவுக்கு வந்தவர். அரசின் உணவு உதவிக்கு வரிசையில் நின்ற குடும்பம். பேஸ்புக்குக்கு விற்கும் ஒப்பந்தத்தில், தான் முன்பு வரிசையில் நின்ற அந்த உதவி அலுவலகக் கட்டடத்தின் வாசலில் வைத்துத்தான் கையெழுத்துப் போட்டாராம். எங்கட ஆக்கள் மேடையில் சொல்லிச் சொல்லிக் கண்கலங்கக்கூடிய கதை. ஒற்றுக் கேட்கிற அரசின் கீழ் வளர்ந்ததால் ஆக்களின் கதையில் கைவைக்க மாட்டேன், விளம்பரம் போடமாட்டேன் என்றும் சொன்னவர். நல்ல மனுசன் எண்டே வைச்சுக்கொள்ளுவம். ஆனால் நல்ல மனுசனும் 19 பில்லியனுக்கு வித்தவர்தான். இந்த வருடம் ஜூனில் வட்ஸ்அப்பில் விளம்பரம் வருகிறது என்று மெட்டா அறிவித்தது. ஒரு முதலாளியின் நல்ல குணத்தை நம்பிக் கட்டின வீடு, அந்த முதலாளி இருக்கிற வரைக்கும்தான் நிற்கும்.

19 பில்லியன் ஏன் குடுத்தவை? அப்போது வட்ஸ்அப்பில் வேலை செய்தவர்கள் ஐம்பத்துச் சொச்சம் பேர். 2013இல் அதன் வருமானம் 10 மில்லியன் டொலரளவு. இலாபம் இல்லை, நட்டம். ஆனால் 450 மில்லியன் ஆக்கள் அதில் இருந்தார்கள். பேஸ்புக் வாங்கியது அந்த ஆக்களையும் அவர்களுக்கிடையிலான தொடர்பையும். அந்தத் தொகை எவ்வளவு வேகமாகக் கூடுகிறது என்பதும் பேஸ்புக்குக்குத் தெரிந்திருந்தது. 2013இல் ஒனாவோ என்ற இஸ்ரேலிய நிறுவனத்தை அது வாங்கியிருந்தது. தொலைபேசியில் தரவுச் செலவைக் குறைக்கிறோம், பாதுகாக்கிறோம் என்று சொல்லித் தரப்பட்ட செயலி அது. ஆக்கள் வேறு எந்தச் செயலியை எவ்வளவு பாவிக்கிறார்கள் என்று அதன் வழியே பேஸ்புக் பார்த்துக்கொண்டிருந்தது. இதைக் காட்டும் ஆவணங்களை 2018 டிசம்பரில் வெளியிட்டது இங்கே, வெஸ்ட்மின்ஸ்டரில், எங்கட நாடாளுமன்றத்தின் ஒரு குழு. போட்டியிடுவதைவிட வாங்குவது நல்லது என்று ஸக்கர்பெர்க் 2008இலேயே எழுதிய மின்னஞ்சலும் பிறகு வழக்கில் வந்தது.

அப்ப ஐரோப்பிய ஒழுங்கமைப்பாளர்கள் என்ன செய்தவை? இது ஒரு பகிடிக் கதை. நிறுவனத்தின் வருமானம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால்தான் பிரசல்ஸ் அந்த விற்பனையைப் பார்க்கும். வட்ஸ்அப்பின் வருமானம் அந்த அளவுக்குக் கிட்டவும் இல்லை. வருமானத்தால் அளக்கிற சட்டத்துக்கு அது பெட்டிக்கடை. நாடு நாடாக அலைய விருப்பமில்லாமல் பேஸ்புக்கே கேட்டுத்தான் கோப்பு பிரசல்ஸுக்குப் போனது. 2014 ஒக்ரோபரில் அனுமதி கிடைத்தது. சொன்ன காரணங்களில் ஒன்றை நான் மறக்கமாட்டன்: ஆக்கள் ஒரே நேரத்தில் பல செயலிகளை வைத்திருக்கிறார்கள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது கடினமில்லை. இதை எழுதின ஆணையாளர் ஒருக்கா எங்கட வீட்டுக்கு வந்திருக்கலாம். அம்மம்மா தேத்தண்ணி போட்டுக் குடுத்து விளங்கப்படுத்தியிருப்பா.

இரண்டு நிறுவனத்தின் கணக்குகளையும் தானாகப் பொருத்துவது நம்பகமாகச் செய்யமுடியாத காரியம் என்று பேஸ்புக் அப்போது பிரசல்ஸுக்குச் சொன்னது. 2016 ஆகஸ்டில் வட்ஸ்அப் இலக்கங்களைப் பேஸ்புக் கணக்குகளோடு இணைக்கப்போவதாக அறிவித்தது. தவறான தகவல் தந்ததற்காக 2017இல் 110 மில்லியன் யூரோ தண்டம். வாங்கின விலையில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. விற்பனை அப்படியே நின்றது. இந்தியாவின் போட்டி ஆணையமும் 2021 தனியுரிமைக் கொள்கைக்காக, ஒத்துக்கொள் அல்லது வெளியே போ என்று ஆக்களை நெருக்கியதற்காக, 2024 நவம்பரில் 213 கோடி ரூபாய் தண்டம் போட்டது. மெட்டாவுக்கு இதெல்லாம் வாகனத் தரிப்பிடக் கட்டணம் மாதிரி.

ஏன் சட்டம் இப்படிக் குருடாக இருக்கு? அமெரிக்காவில் 1970களின் கடைசியிலிருந்து, ரொபர்ட் போர்க் என்ற சட்டப் பேராசிரியரின் வழியில், போட்டிச் சட்டத்தின் வேலை நுகர்வோரின் நலனைக் காப்பது மட்டும்தான் என்று ஆக்கினார்கள். நடைமுறையில் நலன் என்றால் விலை. விலை கூடினால் குற்றம், கூடாவிட்டால் குற்றமில்லை. சும்மா கிடைக்கிற பொருளுக்கு அந்தத் தராசில் நிறையே இல்லை. இதை உடைத்து எழுதியவர் லீனா கான். 2017இல், சட்ட மாணவியாக இருக்கும்போது, அமேசனை வைத்து எழுதிய ஒரு கட்டுரை. லண்டனில் பாகிஸ்தானிய வழிப் பெற்றோருக்குப் பிறந்து 11 வயதில் அமெரிக்கா போன பிள்ளை. 32 வயதில் அதே வர்த்தக ஆணையத்தின் தலைவராகவும் வந்தார். முதுகலை ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கிற எனக்கு இது ஆறுதலோ, எரிச்சலோ தெரியேல்லை.

இனி எங்களுக்கு வருவம். நாங்கள் இடதுசாரிகள். போட்டியைக் கூட்டுங்கள் என்று கேட்பதா எங்கட வேலை? ஒரு பெரிய முதலாளியை வெட்டி ஐந்து நடுத்தர முதலாளி ஆக்குவதிலே எங்களுக்கு என்ன இருக்கு? இந்தக் கேள்வியை ஒரு தோழர் போன மாதமே கேட்டவர். சரியான கேள்வி. அதுக்கு மறுமொழியாக எனக்குத் தெரிஞ்ச ஒரு சந்தையின்ட கதை சொல்லுறன்.

ஃபோன் காட். இங்க இருக்கிற பாதிப் பேர் சின்ன வயசில அதைச் சுரண்டியிருப்பீங்கள். எங்கட வீட்டில அது என்ர வேலை. அப்பா கடையால வரேக்க அஞ்சு பவுண் காட் ஒண்டு வாங்கி வருவார், நான் இரண்டு பென்ஸ் குத்தியால சுரண்டி இலக்கத்தை வாசிப்பன், அவர் அமத்துவார். கடைக் கண்ணாடி முழுக்க விதவிதமான காட்: ஒன்றில் புலிப் படம், ஒன்றில் யானை, ஒன்றில் ஒரு நடிகை. போட்டி எண்டால் அப்படிப் போட்டி. சந்தைப் பொருளாதாரப் புத்தகத்தில் போடலாம். அவ்வளவு போட்டியிலும் காட்டில் போட்டிருந்த நிமிடத்தில் பாதி தேறாது. இணைப்புக் கட்டணம், பராமரிப்புக் கட்டணம் என்று கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் இருக்கும். அப்பம்மா அங்கால வந்து நிண்டு "ஹலோ" சொல்லுறதுக்குள்ள காசு முடிஞ்சிடும். அப்பா அடுத்த கிழமை வேற காட் வாங்குவார். அதுவும் அதே கதை. போட்டி எங்களைக் காப்பாற்றேல்லை.

ஆனால் ஒரு விசயம் அந்த வியாபாரத்தில் சரியாக இருந்தது. எந்தக் காட்டில் எடுத்தாலும், யாழ்ப்பாணத்தில் அதே தொலைபேசிதான் அடித்தது. அப்பம்மா எந்த நிறுவனத்தின் காட் என்று கேட்கத் தேவையில்லை. அவ ஒன்றும் மாத்தத் தேவையில்லை. அப்பா ஒரு நிறுவனத்தோடு கோபித்துக்கொண்டு மற்றதுக்குப் போனபோது தன் தாயை விட்டிட்டுப் போகவில்லை.

இது தானாக நடந்ததில்லை. தொலைபேசியின் தொடக்க காலத்தில் அமெரிக்காவில் ஒரே ஊரில் இரண்டு நிறுவனம் இருந்தால், இரண்டுக்கும் தொடர்பில்லை. கடைக்காரர்கள் மேசையில் இரண்டு தொலைபேசி வைத்திருந்தார்கள். நாங்கள் இப்ப ஒரே ஃபோனில் நாலு செயலி வைத்திருக்கிற மாதிரி. பெரிய நிறுவனமான ஏ.டி. அண்ட் டி., சின்ன நிறுவனங்களைத் தன் தொலைதூரக் கம்பியில் சேர்க்க மறுத்து அவற்றை நெரித்தது. ஏகபோக வழக்கு வரப்போகிறது என்ற பயத்தில்தான் 1913இல் சேர்த்துக்கொள்ள ஒத்துக்கொண்டது. இங்கே 1984இல் தாச்சர் பிரிட்டிஷ் டெலிகொமைத் தனியாருக்கு விற்றபோதும் (விற்றதை மன்னிக்கச் சொல்லேல்லை), மற்ற நிறுவனத்தின் அழைப்பையும் நீ ஏற்று இணைத்துக் கொடுக்கவேண்டும் என்ற கடமையை அதன் தலையில் வைத்தார்கள். பெரியவன் சின்னவனைத் தன் கம்பியில் விடவேண்டும், விருப்பமில்லாவிட்டாலும். நான் கேட்பது அதைத்தான். வட்ஸ்அப்பை இரண்டாக வெட்டி ஒரு பாதியை இன்னொரு பில்லியனருக்குக் கொடுத்தால் அம்மம்மாவுக்கு ஒன்றும் மாறாது. வேறு செயலியில் இருந்து நான் அனுப்புகிற செய்தி அவவின் பச்சைப் படத்துக்குள்ளேயே வந்து விழவேண்டும் என்று சட்டம் சொன்னால், மாறும். அவ இருந்த இடத்தில் இருக்கலாம். நான் போகலாம்.

கனவு எண்டு நினையாதேங்கோ. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைகள் சட்டம் இதைக் கேட்கிறது. 2023 செப்டெம்பரில் வட்ஸ்அப்பை அந்தச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தார்கள். முதலில் ஒருவருக்கு ஒருவர் செய்தி, பிறகு குழுக்கள், கடைசியாக அழைப்புகள் என்று கட்டம் கட்டமாகத் திறக்கவேண்டும். போன மாதம்தான் பேர்டிசட், ஹைக்கெட் என்ற இரண்டு சின்னச் செயலிகளோடு ஐரோப்பாவில் தொடங்குவதாக மெட்டா அறிவித்தது. பரிசில இருக்கிற மாமாவுக்கு வரும், பெர்லினில இருக்கிற மச்சாளுக்கு வரும். எங்களுக்கு வராது. பிரெக்சிட்.

பிரித்தானியாவில் சட்டம் இல்லை என்றும் இல்லை. 2024இல் ஒன்று நிறைவேறியது. பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களை விசேடமாகப் பெயர் குறித்து, இதைச் செய், இதைச் செய்யாதே என்று கட்டளையிடும் அதிகாரம் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையத்துக்கு இருக்கிறது. இந்த ஒக்ரோபரில் கூகிளையும் அப்பிளையும் குறித்தார்கள். தகவல் செயலி ஒன்றும் அதில் இல்லை. அதற்கு முன், இந்த வருட ஜனவரியில் என்ன நடந்தது தெரியுமோ? வளர்ச்சிக்குத் தடையாக இருக்கக்கூடாது என்று தொழிற்கட்சி அரசு ஆணையத்தின் தலைவரை வெளியேற்றி, தற்காலிகமாக டக் கர் என்பவரைப் போட்டது. அவர் யார்? அமேசன் பிரித்தானியக் கிளையின் முன்னாள் தலைவர். இந்தக் கதையில் எனக்கு மிஞ்சிக் கோபம் வந்த இடம் இது. எங்களில எத்தனை பேர் அதுக்காக ஒரு மின்னஞ்சல் போட்டனாங்கள்? நானும் போடேல்லை. எங்கட தொகுதி எம்பிமாருக்கு நாங்கள் இனப்படுகொலைத் தீர்மானம் பற்றி எழுதத் தெரிஞ்ச ஆக்கள். இதையும் எழுதலாம்.

இரண்டு எச்சரிக்கை சொல்லவேணும்.

ஒன்று, போட்டிச் சட்டம் எங்கட நண்பன் இல்லை. 1908இல் அமெரிக்காவின் டான்பரி நகரத் தொப்பித் தொழிலாளர்கள், சங்கத்தை ஏற்காத முதலாளியின் தொப்பியை வாங்கவேண்டாம் என்று பிரசாரம் செய்ததை, ஏகபோகத்துக்கு எதிரான அதே சட்டத்தின் கீழ் குற்றம் என்றது உச்ச நீதிமன்றம். இன்றைக்கும் சுயதொழில் என்று பெயர் சூட்டப்பட்ட சாப்பாட்டு விநியோகத் தோழர்கள் கூடிக் கூலி கேட்டால், அது விலை நிர்ணயக் கூட்டு என்று சொல்ல இடமிருக்கிறது. பிரசல்ஸ் 2022இல்தான் அதற்கு விலக்களித்து வழிகாட்டல் போட்டது. சட்டம் கத்தி. பிடி ஆரின்ட கையில எண்டு பாக்கவேணும்.

மற்றது இன்னும் கஷ்டம். வட்ஸ்அப்போடு இணையமாட்டோம் என்று சிக்னல் சொல்லிவிட்டது, த்ரீமாவும் சொல்லிவிட்டது. கதவைத் திறந்தால் ஆர் ஆரோட எப்ப கதைக்கினம் எண்ட விபரம் அந்தப் பக்கமும் போகும் என்பது அவர்களின் பயம். எங்களுக்கு அது சின்ன விசயமில்லை. ஊரில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரோடு தொடர்பில் இருக்கிற ஆக்கள் இந்த அறையில் இருக்கினம். அந்தத் தொடர்பு சிக்னலிலேயே இருக்கட்டும், இணைப்பு வேண்டாம். ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கோ. இலங்கை அரசு 2018 மார்ச்சில் கண்டி வன்முறை நேரமும், 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகும், 2022 ஏப்ரலில் போராட்டம் தொடங்கினபோதும் சமூக ஊடகங்களைத் தடுத்தது, வட்ஸ்அப்பையும் சேர்த்து. எல்லாரும் ஒரே வாசலால் போய்வந்தால் ஒரு பூட்டுப் போதும். 2021 ஒக்ரோபர் 4ஆம் திகதி பூட்டுக்கூடத் தேவைப்படவில்லை. மெட்டாவின் சொந்தப் பிழையாலே ஆறு மணித்தியாலம் எல்லாம் படுத்தது. அண்டைக்கு அம்மா பழைய டயரியைத் தேடி எடுத்து, அம்மம்மாவின்ட வீட்டு இலக்கத்தை அமத்தி, ஃபோனில கதைச்சவ. அடிச்சது. அம்மம்மா எடுத்தவ. "என்ன பிள்ளை, ஏதும் நடந்திட்டுதோ?" எண்டு பயந்திட்டா.

மண்டபச் சாவியை ஒன்பதரைக்குத் திருப்பிக் குடுக்கவேணும், அதால கேள்விகளைக் கேளுங்கோ. எம்பிமாருக்கான கடித வரைவு ஒன்று கொண்டுவந்திருக்கிறன், தகவல் செயலிகளையும் ஆணையம் எடுக்கவேணும் எண்டு. திருத்தித் தாங்கோ. எங்கட குழுவில போடுறன். ஓம், வட்ஸ்அப் குழுவிலதான்.